தொழிற்சாலையை விட்டு வந்தபடியே

ஊர் பார்க்கத் தன்னை ஏமாற்றுக்காரி என்று சொன்ன பிறகும், கணவரின் அண்ணனான மூத்தாரோடு அவள் பேச்சை நிறுத்தவில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் "வாங்க அத்தான்" என்பாள். நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அவர் சொல்லும் அசட்டு ஜோக்குகளுக்குச் சிரிக்கக்கூடச் செய்வாள். மறந்துவிட்டாள், நல்ல மனசு என்று குடும்பமே நினைத்தது. அவள் எதையும் மறக்கவில்லை. உள்ளே கறுவிக்கொண்டே இருந்தாள்.

விஷயம் ஒரு காரைப் பற்றியது. சரியாகச் சொன்னால் இரண்டு கார்களைப் பற்றியது.

அவளும் அவள் கணவரும் டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் நீளமான ஒரு கொட்டகையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டும்தான் அங்கே வரும். நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய துணிக் கூரை. கணவர் தகர வேலை பார்ப்பார். கதவின் ஓரம் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தாலும் புதுத் தகரம் வெட்டி, தட்டி, ஒட்டு தெரியாமல் இணைத்துவிடுவார். அதனால் அவருக்கு டிங்கர் என்றே பெயர். அவள் வயரிங். அந்தக் காலத்துத் துணி சுற்றிய வயர்களை அதே நிறம், அதே தடிமன், அதே பின்னலில் கையாலேயே கட்டுவாள். பழைய கார் சங்கத்தில் வயதானவர்கள்கூட அவளை வயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு வெறி உண்டு. வருடாந்தரப் போட்டியில் ஒரு கார், தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். நட்டு, போல்ட்டு, இருக்கைத் தையல், பானெட்டுக்கு அடியில் ஒட்டிய காகிதம்வரை எல்லாம் அசல். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தக் கார்கள் தொழிற்சாலையை விட்டு வந்தபோது ரொம்ப நன்றாக ஒன்றும் இல்லை. வருடம் முழுக்க மழை பெய்யும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு மழைக்கு ஒழுகும் கூரையைச் செய்தவர்கள் அவர்கள். வண்டி நின்ற இடத்திலெல்லாம் எஞ்சின் எண்ணெய் சொட்டும். விளக்கைப் போட்டால் மெழுகுவத்தி அளவு வெளிச்சம் வரும். வண்டி முழுவதற்கும் இரண்டே ஃப்யூஸ். முக்கியமான வயர்கள் பலவற்றுக்கு ஃப்யூஸே கிடையாது. எங்காவது உரசிவிட்டால் வயர் கட்டு மொத்தமும் எரிந்துபோகும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சில பாதுகாப்புகளைச் செய்துகொள்வார்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் வயரில் சூடேறாமல் காக்க ஒரு ரிலே, கூடுதலாக நாலைந்து ஃப்யூஸ், இருக்கைக்குக் கீழே பேட்டரியைச் சட்டென்று துண்டிக்க ஒரு குமிழ். எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டார்கள்.

சங்கத் தலைவர் வேறு யாருமில்லை, டிங்கரின் அண்ணன்தான். அவரிடம் ஒரு பச்சை வண்டி இருந்தது. ஒருமுறை ஓட்டிக்கொண்டு போகும்போது டாஷ்போர்டிலிருந்து புகை வந்து பயந்துபோய், அவரே நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். வயரக்காவிடம் குனிந்து ரகசியம் போல, வெளியே தெரியாமல் எல்லாப் பாதுகாப்பும் செய்துவிடு, உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும் என்றார். செய்து கொடுத்தாள். அந்த வண்டியோடுதான் அவர் கோப்பை வாங்கினார்.

அடுத்த வருடம் டிங்கரும் வயரக்காவும் தங்கள் சொந்த வண்டியைப் போட்டிக்குக் கொண்டுவந்தார்கள். சிவப்பு வண்டி. வாடிக்கையாளர் வேலை முடிந்த பிறகு, மிச்சம் கிடைத்த நேரத்தையெல்லாம் போட்டு வருடக்கணக்கில் செய்தது. பார்த்தவர்கள் எல்லாம் இந்த முறை கோப்பை இதற்குத்தான் என்றார்கள். பச்சை வண்டியும் போட்டியில் இருந்தது. தலைவர் சிவப்பு வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு எல்லோரும் பார்க்கக் குனிந்து, தேடாமல் துழாவாமல் டாஷ்போர்டுக்குப் பின்னால் சரியான இடத்தில் கையை விட்டு, ரிலேயை வெளியே இழுத்தார். செத்த எலியைத் தூக்கிக் காட்டுவது போல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது ஏமாத்து வேலை. வயரிங் செஞ்சவ ஏமாத்துக்காரி. சொந்தத் தம்பி குடும்பம்னு நான் பாக்க மாட்டேன்" என்றார்.

கூட்டம் கைதட்டியது. தம்பியென்றும் பாராத நேர்மைக்காக.

அவள் வாயைத் திறந்தாள். டிங்கர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் என் அண்ணன், விட்டுவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். தலைவரின் வண்டிக்குள் யாரும் கையை விட்டுப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கொட்டகையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. டிங்கர் பேருந்துப் பணிமனையில் நசுங்கிய பம்பர்களைத் தட்டப் போனார். வேலை செய்யும்போது சீட்டி அடிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு, அது நின்றுபோயிற்று. அவள் வீட்டுச் சமையல்கட்டு மேஜையிலேயே மின்விசிறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றினாள். சிவப்பு வண்டி வீட்டுப் பக்கச் சந்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அந்த நாட்களில் அவளைத் தேடி வந்தது தலைவரின் மனைவி மட்டும்தான். அந்த அக்கா வந்து எதிரில் உட்காருவாள், சிக்கான கம்பியைப் பிரித்துக் கொடுப்பாள், புத்திமதி எதுவும் சொல்லாமல் எழுந்து போவாள்.

இப்படியே சில வருடங்கள் போயின. பிறகு சங்கத்தின் அடுத்த போட்டிக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு நிபுணர் வரப்போவதாகச் செய்தி வந்தது. உலகம் முழுக்க இந்த வகை வண்டிகளைப் பரிசோதித்து, நூற்றுக்கு நூறு அசல் என்றால் மட்டும் ஒரு பித்தளைப் பட்டயம் கொடுப்பவர். அவர் ரிலே, ஃப்யூஸ் எல்லாவற்றையும் மோப்பம் பிடித்துவிடுவாராம். தலைவருக்கு அந்தப் பட்டயத்தின் மேல் உயிர். அதற்குப் பச்சை வண்டியை மறுபடி முழுசாகப் பிரித்துக் கட்ட வேண்டும். பழைய முறையில் வயர் கட்டத் தெரிந்த வேறு ஆள் அவர் கைக்கெட்டிய தூரத்தில் இல்லை.

மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பழசை மனசில் வைத்துக்கொள்ளாதே, சங்கத்துத் தலைவன் என்றால் சில நேரம் கடுமையாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது என்று ஆரம்பித்தார். அவள் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு கேட்டாள்.

"வண்டி எப்படி வேணும் அத்தான்?"

"தொழிற்சாலைய விட்டு எப்படி வந்துச்சோ அப்படியே."

"நான் முன்னாடி வெச்சதெல்லாம்?"

அவர் தம்பியை ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எடுத்துடு. ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது."

"அதெல்லாம் உங்க உயிருக்கு நல்லதுன்னு வெச்சது."

"நல்லது கெட்டது நான் பாத்துக்கறேன். நீ சொன்னதைச் செய்."

அவள் தலையாட்டினாள். அந்த நிமிடம் அவளுக்கு வயிற்றுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பழி வாங்க அவள் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட இவ்வளவு சுலபமாக இல்லை. அவர் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தால் போதும்.

வண்டி சந்துக்கு வந்து, ஒரு கூரை போட்டு, வேலை தொடங்கியது. அவள் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை. ரிலேயைக் கழற்றினாள். ஃப்யூஸ்களைக் கழற்றி, கம்பெனி வைத்த இரண்டை மட்டும் விட்டாள். நல்ல மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த புது ஆல்டர்னேட்டரை எடுத்துவிட்டு, சோம்பேறி டைனமோவைத் தூசி தட்டி மாட்டினாள். எஞ்சினுக்குப் பின்னால் எண்ணெய் கசியாமல் இருக்க டிங்கர் முன்பு வைத்த ரப்பர் அடைப்பானை எடுக்கச் சொன்னாள். இருக்கைக்குக் கீழே இருந்த குமிழை எடுத்தாள். இனிமேல் பேட்டரியைத் துண்டிக்க வேண்டுமென்றால் இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஸ்பேனர் போட்டுத்தான் கழற்ற வேண்டும், அந்தக் காலத்தில் போலவே. பிறகு வயர் கட்டு. பழுப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று ஒவ்வொரு வயராகத் துணி சுற்றி, மெழுகு தடவி, பின்னிக் கட்டினாள். அது தலைமுடி பின்னுவது போன்ற வேலை. பின்னும்போதெல்லாம் தலைவரின் முகத்தை நினைத்துப் பார்ப்பாள். போட்டி முடிந்ததும் வண்டிகள் எல்லாம் மலைச்சாலையில் ஊர்வலம் போகும். ஏறும்போது எஞ்சின் கொதித்து, டைனமோ கைவிட்டு, நடுரோட்டில் அவர் இறங்கித் தள்ள வேண்டும். ஊர் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு.

பணிமனையிலிருந்து வந்து மாலையில் தகர வேலை பார்த்த டிங்கர் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு ஃப்யூஸ்தானா?"

"கம்பெனிக்காரன் ரெண்டுதான் வெச்சான்."

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கதவைத் தேய்க்கப் போய்விட்டார். தடுக்கவில்லை.

கடைசியாக சீட் பெல்ட். கம்பெனி அந்த வண்டிக்குப் பெல்ட் வைக்கவில்லை. ஓட்டுநர் பக்கத்துப் பெல்ட்டை யோசிக்காமல் கழற்றினாள். பக்கத்து இருக்கையின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தபோது கை நின்றது. அந்த இருக்கையில் அக்கா உட்காருவாள். சற்று நேரம் அப்படியே குந்தியிருந்தாள். பிறகு அதையும் கழற்றிவிட்டாள். கழற்றியதைத் தூக்கிப் போடவில்லை. சிவப்பு வண்டியின் தார்ப்பாயை விலக்கி, அதில் மாட்டினாள். அப்படியே அந்த வண்டியையும் துடைத்துக் கிளப்பி வைத்தாள். ஊர்வலத்தில் போட்டிக்கு வராத வண்டிகளும் போகலாம்.

போட்டி அன்று மைதானத்தில் நல்ல வெயில். நிபுணர் ஒல்லியான மனிதர். கையில் டார்ச்சோடு புல்தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தார். எஞ்சினிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவர் சட்டையில் விழுந்தது. பேரக் குழந்தையின் எச்சில் பட்டவரைப் போல மனம் குளிர்ந்து சிரித்தார். வயர் கட்டைத் தடவிப் பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டாராம். எங்கள் ஆள் ஒருத்தி என்றாராம் தலைவர்.

பட்டயம் கிடைத்தது. தலைவர் அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஆளா? புகைப்படக்காரர்களைச் சுற்றி நிற்க வைத்து, ஒரு சின்ன டிரில்லை வாங்கி, டாஷ்போர்டில் தானே ஓட்டை போட்டு அதைத் திருகினார். வயரக்கா நாலைந்து பேருக்குப் பின்னால் நின்று பார்த்தாள். திருகாணி நீளமாக இருந்தது. தேவைக்கு மேல் நீளம். அந்த இடத்துக்குப் பின்னால் எந்த வயர் போகிறது என்று அவளுக்குத் தெரியும், அவள் கட்டியதுதானே. பழுப்பு வயர். பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவியை எடுத்தாலும் மின்சாரம் நிற்காதது, ஃப்யூஸ் இல்லாதது.

நிறுத்துங்கள் என்று சொல்ல நாக்குவரை வந்தது. சொல்லவில்லை. திருகாணி முழுசாக உள்ளே போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பழைய கைதட்டல் மாதிரியே இருந்தது.

ஊர்வலத்துக்கு வண்டிகள் வரிசை கட்டின. அக்கா கைப்பையோடு பச்சை வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வயரக்கா நேராகப் போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"அக்கா, நீங்க என்கூட வாங்க."

"ஏன்?"

"இதுல பெல்ட் இல்ல."

"அது மட்டுமா?" அக்கா அவள் கண்ணையே பார்த்தாள்.

"வாங்க அக்கா."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தலைவர் சிரித்தபடி, ஏமாற்று வண்டியிலா போகப் போகிறாய் என்று சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.  அக்கா சிவப்பு வண்டியில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

மலைச்சாலையில் பச்சை வண்டி முன்னால், சிவப்பு வண்டி பின்னால். சாலை குண்டும் குழியுமாக இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் திருகாணி வயரின் துணியை அறுத்திருக்க வேண்டும். கொதிக்கும் வண்டிகளுக்கு ஊற்ற டிங்கர் தண்ணீர் கேனோடு நின்றிருந்த வளைவில், பச்சை வண்டிக்குள்ளிருந்து புகை வந்தது. முதலில் ஒரு நூல் போல, பிறகு குபுகுபுவென்று. தலைவர் ஓரங்கட்டிக் குதித்தார். சாவியைப் பிடுங்கினார். புகை நிற்கவில்லை. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் நின்றன. ஆட்கள் இறங்கி ஓடி வந்தார்கள். நிபுணரும் வந்தார்.

அவள் சிவப்பு வண்டியை நிறுத்தி, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, நடந்து வந்தாள். ஓடவில்லை.

"சாவிய எடுத்துட்டேன், இன்னும் எரியுது. பேட்டரிய கழட்டு, சீக்கிரம்."

"குமிழ் இருந்தா நீங்களே இழுத்திருக்கலாம் அத்தான். அதை எடுக்கச் சொன்னது யாரு?"

"இப்ப இதையெல்லாமா பேசுறது?"

"யாரு?"

"நான்தான். நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"முதல்ல வைக்கச் சொன்னது?"

 துணி கருகும் நாற்றம் மூக்கை அரித்தது. டாஷ்போர்டின் ஓட்டையிலிருந்து சின்னதாக ஒரு தீ நாக்கு எட்டிப் பார்த்தது. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தம்பியைப் பார்த்தார். டிங்கர் கேனைக் கீழே வைத்துவிட்டு வயரக்கா பக்கத்தில் வந்து நின்றார். இந்த முறை அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை.

"நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றார் தலைவர். "கோப்பை வாங்கின வருஷம் இந்த வண்டியிலயும் எல்லாம் இருந்துச்சு. போதுமா?"

"அப்ப ஏமாத்துக்காரி யாரு?"

"நீ இல்லம்மா. நான்தான் ஏமாத்துனேன்."

 சங்கத்துக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் இருக்கையைத் தள்ளி, கார்ப்பெட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, பேட்டரி முனையைக் கழற்றினாள்.  டிங்கர் ஒரு சாக்கைக் கேன் தண்ணீரில் நனைத்து டாஷ்போர்டில் அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் புகை அடங்கியது. வயர் கட்டு முழுக்கக் கரிக்கட்டையாகிவிட்டது. பித்தளைப் பட்டயம் மட்டும் கறுத்துப்போய் அதன் இடத்திலேயே இருந்தது.

நடந்ததையெல்லாம் யாரோ நிபுணருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அந்தக் காலத்திலும் இந்த வண்டிகள் இப்படித்தான் எரியும் என்றாராம் அவர். பட்டயத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை. முறைப்படி பார்த்தால் வண்டி அசல்தானே.

அன்று மாலை வீட்டில் டிங்கர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"அவர் திருகாணி போடறப்ப நீ பாத்துக்கிட்டுதான் இருந்தியா?"

"இருந்தேன்."

"சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

 அவள் சமாதானம் சொல்லவில்லை. நன்றாகத் தூங்கினாள். வருத்தம் என்று ஒன்று இருந்ததென்றால் அந்த வயர் கட்டுக்காகத்தான். அப்படி ஒன்றை இனி அவளாலேயே கட்ட முடியுமா தெரியவில்லை.

தலைவர் பதவியை விட்டார். வயரக்காவும் டிங்கரும் பழைய கொட்டகையிலேயே ஒர்க்‌ஷாப்பை மறுபடி திறந்தார்கள். பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்கள். அவள் யாரையும் திட்டவில்லை, காக்க வைத்தாள். அவளை ஏமாற்றுக்காரி என்ற அன்று எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவரை மட்டும், இடமில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அவளுக்குப் பின்னால் கொட்டகையில் பாதி இடம் காலியாகக் கிடப்பது அவருக்கே தெரிந்தது. அதில் அவளுக்கு அலாதித் திருப்தி. டிங்கர் பணிமனை வேலையை விட்டுவிட்டு வந்தார். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றது நின்றதுதான். ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார்.

ஒருநாள் அக்கா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். பச்சை வண்டி எரிந்த மேனிக்குப் போர்ட்டிகோவில் நிற்கிறதாம், அடியில் எண்ணெய்க்குத் தட்டு வைத்திருக்கிறார்களாம். மறுபடி வயர் கட்டித் தருவாயா என்று கேட்டுவரச் சொல்லி அவர்தான் அனுப்பியிருந்தார்.

"வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க அக்கா."

அக்கா அதற்காக முகம் சுளிக்கவில்லை. வழக்கம் போல எதிரில் உட்கார்ந்து, சிக்கான ஒரு வயர்ச் சுருளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தாள்.

"உனக்கு அவர் மேல இன்னும் கோவம் போகலையா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லக்கா. போகல."

"எனக்கும் போகல" என்றாள் அக்கா, சிக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் கதை உன் கதையவிடப் பழசு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா அடுத்த சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே டிங்கர் ஏதோ ஒரு நீல வண்டியின் கதவைச் சட்டத்தில் பொருத்தி, சாத்தி, திறந்து, மறுபடி சாத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்துபோய் இன்னொரு சுருளை எடுத்துவந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.